கை இங்கே, மூளை அங்கே

ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையிலுள்ள உத்தனப்பள்ளியை நமது நேயர்களில் பெரும்பாலார் பெயரளவிலும் அறிந்திருக்கமாட்டார்கள். தக்காளியும் காய்கறியும் பூவும் விளைகின்ற மண். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் காதில் விழுகின்ற எல்லைப்புறம். 2023-ம் வருஷத்தில் இவ்வூரின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. நாகமங்கலம், அயர்னப்பள்ளி, உத்தனப்பள்ளி ஆகிய ஊராட்சிகளில் புதிய சிப்காட் தொழிற்பேட்டைக்காக மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை எடுக்கச் சர்க்கார் முற்பட்டபோது, விளைநிலத்தை விட்டுக்கொடுக்க மாட்டோமென்று விவசாயிகள் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அவ்வழக்கின் நியாயா நியாயங்களை இன்று நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அதன் உள்ளே அடங்கிக் கிடக்கும் வேறொரு கேள்வியையே எடுத்துக்கொள்கிறோம். நிலத்தைக் கொடுக்கிற ஊருக்குத் திரும்பி வருவது என்ன? "வேலை" என்று பதில் சொல்லப்படுகிறது. என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை.

இந்த ஜில்லாவின் பெருந்தொழில் வண்டித் தொழில். 1980-ஐ ஒட்டியே அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் ஓசூரில் வேரூன்றிவிட்டன. 2021-ல் ஏதர் கம்பெனி தன் மின்ஸ்கூட்டர் ஆலையை ஓசூரில் திறந்தது. அதே வருஷத்தில் ஓலா எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆலை போச்சம்பள்ளிப் பக்கத்தில் சுமார் 500 ஏக்கரில் எழுந்தது. இன்று இந்தியாவின் தெருக்களில் ஓசையின்றி ஓடுகிற மின்ஸ்கூட்டர்களில் பெரும் பங்கு கிருஷ்ணகிரி ஜில்லாவிலே பூட்டி முடிக்கப்பட்டவை. இது நமக்குப் பெருமையே. ஆனால் வண்டி என்பது இன்று இரும்பும் ரப்பரும் மட்டும் அன்று என்பதையும், அதன் உயிர்நிலை வேறெங்கோ எழுதப்படுகிறது என்பதையும் நம் அரசியல்வாதிகள் இன்னும் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

விஷயத்தைச் சிறிது விளக்குவோம். முன்னே ஒரு ஸ்கூட்டரில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஒரு கம்பி இழுபடும், கார்புரேட்டர் திறக்கும், பெட்ரோல் பாயும். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 என்னும் புகை விதி அமலுக்கு வந்தபின், மிகச் சாதாரணமான பெட்ரோல் வண்டியிலுங்கூட எரிபொருளை அளந்து விடும் வேலை ஒரு சிறு கணிப்பெட்டியின் கைக்குப் போயிற்று. மெக்கானிக்குகள் அதை ஈ.சி.எம். என்பார்கள். மின்வண்டியிலோ கம்பியே இல்லை. கைப்பிடியைத் திருகுவது ஒரு விண்ணப்பம் போடுவதற்கு ஒப்பாகும். பாட்டரியைக் காக்கும் பெட்டி ஒன்று, மோட்டாரை ஆட்டுவிக்கும் பெட்டி ஒன்று, முகப்புத் திரைக்கு ஒன்று, சார்ஜ் ஏற்றுவதற்கு ஒன்று என இப்பெட்டிகள் தம்முள் பேசிக்கொண்டு, அந்த விண்ணப்பத்தை எவ்வளவு ஏற்பது என்று தீர்மானிக்கின்றன. பெரிய கார்களில் இத்தகைய பெட்டிகள் நூறுவரை உண்டு. எந்தப் பெட்டி எதற்குப் பொறுப்பு, யார் யாருக்குக் கட்டளையிடலாம், ஒன்று செத்தால் மற்றொன்று என்ன செய்யவேண்டும் என்று வகுக்கிற ஏற்பாட்டையே மென்பொருள் கட்டமைப்பு என்கிறார்கள். ஒரு ராஜ்யத்துக்கு அரசியல் சட்டம் எப்படியோ அப்படியே வண்டிக்கு இது.

இப்பெட்டிகள் பேசிக்கொள்ளும் பாஷை கான் எனப்படுவது. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986-ல் இதை வெளியிட்டது. ஒரே ஜோடிக் கம்பியில் எல்லோரும் கேட்கும்படி எல்லோரும் பேசுவார்கள். இருவர் ஒருசேர வாய் திறந்தால் சிறிய எண்ணுள்ள செய்திக்கு முதலிடம், மற்றது அடங்கி நின்று பின்னர் பேசும். நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு இது புதிதன்று. ஆனால் இந்தப் பஞ்சாயத்தில் ஒரு பெருங்குறை: பேசுகிறவன் யார் என்று யாரும் கேட்பதில்லை. அதன் விளைவை 2015-ல் அமெரிக்கா கண்டது. இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வெகு தூரத்திலிருந்தபடியே, ஒரு ஜீப் செரோக்கி வண்டியின் பாட்டுப்பெட்டி வழியாக உள்ளே புகுந்து, ஓடிக்கொண்டிருந்த அதன் விசையை அடக்கிக் காட்டினார்கள். பிரேக்கிலும் தங்களால் கைவைக்க முடியும் என்று நிரூபித்தார்கள். பதினான்கு லக்ஷம் வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைக்க நேர்ந்தது. பாட்டுக் கேட்கும் அறைக்கும் பிரேக் பிடிக்கும் அறைக்கும் நடுவே உறுதியான சுவர் எழுப்பவில்லை என்பதே குற்றம். கொல்லன் செய்த பிழையன்று அது, மேஸ்திரி செய்த பிழை.

இதைவிட நம் மனத்தில் ஆழப் பதிந்த வழக்கு ஒன்று உண்டு. வக்கீல் தொழிலில் பழகியவர்கள் எல்லோரும் அதைப் படிக்கவேண்டும். 2007-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாகாணத்தில் 2005-ம் வருஷத்து டொயோட்டா காம்ரி ஒன்று தானே வேகமெடுத்து மோதியதாகவும், ஒரு மாது இறந்து மற்றொரு மாது படுகாயமடைந்ததாகவும் வழக்குத் தொடரப்பட்டது. அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமான நாசாவின் எஞ்ஜினியர்கள் அதற்குமுன் டொயோட்டா வண்டிகளைச் சோதித்து, இத்தகைய வேகத்துக்கு எலெக்ட்ரானிக் காரணம் எதுவும் காணோமென்று 2011-ல் அறிக்கை கொடுத்திருந்தார்கள். கம்பெனியும் குற்றத்தை மறுத்தது. எனினும் வாதியின் தரப்பில் நிபுணராக வந்த மைக்கேல் பார், கம்பெனியின் மென்பொருளை வரிவரியாக வாசித்தபின் 2013-ல் சாட்சி சொன்னார். எங்கிருந்து வேண்டுமானாலும் தொட்டு மாற்றக்கூடிய பொதுப் பதிவுகள் சுமார் பதினாயிரம் அதில் இருந்தன என்றார். அதைவிட முக்கியமானது வேறொன்று. எஞ்ஜினுக்குக் காற்றை விடும் வேலையும், அவ்வேலை தவறினால் காக்கவேண்டிய பல காவல் ஏற்பாடுகளும் ஒரே காரியஸ்தனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. அவன் மயங்கி விழுந்தால் காவலும் கூடவே விழும் என்றார். அன்று அந்த வண்டிக்குள் அதுவேதான் நேர்ந்தது என்று கண்ணால் கண்ட சாட்சி யாருமில்லை. ஆனால் ஜூரர்கள் கம்பெனியின்மீது பொறுப்பைச் சுமத்தினார்கள். தண்டனைத் தொகை பற்றிய விசாரணைக்குமுன் கம்பெனி வாதிகளுடன் ராஜி செய்துகொண்டது. திருடனிடமே சாவியைக் கொடுக்கக்கூடாது என்று நம் பாட்டிமார் அறிந்ததை, உலகப் பிரசித்தி பெற்ற எஞ்ஜினியர்கள் கோர்ட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது.

வண்டித் தொழில் இதற்குள் சும்மாயிருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2003-ல் பி.எம்.டபிள்யூ., பாஷ், டெய்ம்லர் கிரைஸ்லர், வோக்ஸ்வாகன் முதலிய கம்பெனிகள் கூடி ஆட்டோசார் என்னும் பொது ஏற்பாட்டை வகுத்தன. யந்திரத்தைத் தொடும் அடித்தளம் வேறு, காரியத்தைச் செய்யும் மேல்தளம் வேறு, இரண்டுக்கும் நடுவே ஒரு துவிபாஷி என்று பிரித்தன. 2011-ல் ஐ.எஸ்.ஓ. 26262 என்னும் பாதுகாப்பு விதி வந்தது. 2018-ல் அது மோட்டார் சைக்கிளுக்கும் விரிவாயிற்று. விதிகள் நல்லவையே. விதியைப் படித்துவிட்டால் கட்டமைப்பு வந்துவிடும் என்று நினைப்பதுதான் தவறு.

வோக்ஸ்வாகன் கம்பெனியின் கதை இதற்குச் சான்று. பணத்துக்குக் குறைவில்லை, எஞ்ஜினியர்களுக்குக் குறைவில்லை. மென்பொருளுக்கென்றே காரியாத் என்ற தனி ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். ஒரே காலத்தில் வெவ்வேறு கட்டமைப்புகளை, தம்முள் ஒத்துப்போகாத பல பிராண்டுகளுக்காக, அது சுமந்து தள்ளாடியது. போர்ஷே மக்கான் மின்வண்டி தாமதப்பட்டது. தலைவர் ஹெர்பர்ட் டீஸ் 2022-ல் பதவி விட்டு நீங்கினார். 2024-ல் அமெரிக்காவில் அன்று முளைத்த ரிவியன் என்ற சிறு கம்பெனியின் கட்டமைப்பைப் பெறுவதற்காக ஐந்நூறு கோடி டாலர்வரை போடச் சம்மதித்தார்கள். ஏன் இப்படி நேர்ந்தது? 1968-லேயே மெல்வின் கான்வே என்ற அமெரிக்கர் இதற்கு விடை எழுதிவைத்திருக்கிறார்: ஒரு ஸ்தாபனத்துக்குள் மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அவ்வடிவத்திலேயே அவர்கள் உண்டாக்கும் யந்திரமும் அமையும் என்பது அவர் கருத்து. பேசாத இரண்டு இலாகாக்கள் செய்த பொருளில், பேசாத இரண்டு பாகங்கள் இருக்கும்.

இக்கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நேயர்கள் ஓசூர் சாலையைப் பார்க்கவேண்டும். ஓசூருக்கும் பெங்களூருக்கும் சுமார் நாற்பது கிலோமீட்டர். நடுவே எலெக்ட்ரானிக் ஸிட்டி. ஏதரின் தலைமையகம் பெங்களூர். ஓலா எலெக்ட்ரிக்கின் தலைமையகமும் பெங்களூர். பாஷ், மெர்ஸிடிஸ் பென்ஸ் போன்ற அந்நிய கம்பெனிகளும் வண்டி மென்பொருள் எழுதும் ஆயிரக்கணக்கான எஞ்ஜினியர்களை அங்கேதான் வைத்திருக்கின்றன. கட்டளை எழுதுவது அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடிக்கு அப்பால். திருகு முடுக்குவது இப்பால். டி.வி.எஸ். மட்டும் தன் ஆராய்ச்சிக்கூடத்தை ஓசூரில் ஆலைக்குப் பக்கத்திலேயே நெடுங்காலமாக வைத்திருக்கிறது. அதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் ஒரு கம்பெனியின் நல்வழக்கம் ஒரு ஜில்லாவின் நியதியாகிவிடாது.

நாம் கர்நாடகத்தின்மீது பொறாமை பேசுவதாக யாரும் எண்ணவேண்டாம். அறிவுக்கு எல்லைக்கல் கிடையாது. பெங்களூர் பல வருஷ முயற்சியால் தேடிக்கொண்ட பெருமை அது. நம் பிள்ளைகளும் பல்லாயிரவர் அங்கே பிழைக்கிறார்கள். நாம் ஆக்ஷேபிப்பது சுவரை. மழை பெய்த மறுநாள் எந்தக் கனெக்டரில் நீர் இறங்குகிறது, சித்திரை வெயிலில் எந்தப் பாட்டரி முன்கூட்டியே மூச்சு வாங்குகிறது, சிவப்பு எழுத்தில் வரும் எந்த எச்சரிக்கை வெறும் பொய் என்பதையெல்லாம் முதலில் அறிகிறவன் அசெம்பிளி வரிசையிலும் ஸர்வீஸ் கொட்டகையிலும் நிற்கிறவன். அவன் கண்டது கட்டமைப்பு வகுக்கிறவன் காதுக்குப் போவதற்குள் எத்தனை மேஜைகளைக் கடக்கவேண்டும்? 2022-ல் மின்ஸ்கூட்டர்கள் நாட்டின் பல பாகங்களில் தீப்பிடித்ததும், அதன்பின் பாட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதியைச் சர்க்கார் அவசரமாக இறுக்கியதும் நேயர்களுக்கு நினைவிருக்கும். பாட்டரியின் காவற்பெட்டி எப்போது எச்சரிக்கவேண்டும், எப்போது மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும் என்பது ரசாயனக் கேள்வி மட்டும் அன்று. அது கட்டமைப்புக் கேள்வி. அதற்கு விடை காண, கையும் மூளையும் ஒரே கூரையின்கீழ் இருப்பது நன்று.

சுவரின் மற்றொரு பக்கம் இன்னும் கொடியது. உத்தனப்பள்ளியைப் போன்ற ஊர்களில் சாலையோரத்தில் இரண்டு ஸ்பானரும் ஒரு பம்பும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிற மெக்கானிக்கை நினைத்துப் பாருங்கள். கார்புரேட்டர் வண்டியின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொன்னவன் அவன். மின்வண்டி நின்றுவிட்டால் அவனால் செய்யக்கூடியது அதை டெம்போவில் ஏற்றிவிடுவதே. நோய் இன்னது என்பதை வண்டி தன் கம்பெனிக்கு மட்டுமே சொல்லும். சொந்தக்காரனுக்குச் சொல்லாது, மெக்கானிக்குக்கும் சொல்லாது.

இது நம் நாட்டில் புதிய வழக்கன்று. உதிரிப் பாகங்களையும், நோயறியும் கருவிகளையும், தொழில்நுட்பக் குறிப்புகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்ததற்காக, பதினான்கு கார்க் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத்தின்மீது மேல்முறையீடுகள் நடந்தன. அவற்றின் சட்ட நுணுக்கங்களில் நாம் இறங்கவில்லை. அத்தீர்ப்பின் அடிப்படை நியாயம் இதுதான்: பொருளை விற்றவன் அதைப் பழுதுபார்க்கும் உரிமையையும் தன் பையில் போட்டுக்கொள்ளலாகாது. 2022 டிசம்பரில் மத்திய சர்க்காரே பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தகவல் தளத்தைத் திறந்து, மோட்டார் வண்டிகளையும் அதில் சேர்த்தது. பெட்ரோல் வண்டிகளில் புகை விதியின் பயனாக, ஓ.பி.டி. எனப்படும் நோயறியும் வாசல் ஒன்று பொதுவான முறைப்படி இருந்தாக வேண்டும். மின்வண்டிக்குப் புகையில்லை, ஆகவே புகை விதியில்லை, ஆகவே அந்த வாசலும் கட்டாயமில்லை! சுத்தமான வண்டி என்ற காரணத்தாலேயே மெக்கானிக்குக்குக் கதவு சாத்தப்படுகிறது. இந்த விசித்திரத்தைப் பார்லிமெண்டில் நம் பிரதிநிதிகளில் எவரேனும் எடுத்துச் சொல்லக்கூடாதா?

கதவைத் திறந்தால் ஆபத்து என்று கம்பெனிகள் சொல்லும். சற்றுமுன் நாம் சொன்ன ஜீப் வண்டியையே நமக்கு எதிராகக் காட்டும். அவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. ஆனால் படிப்பது வேறு, எழுதுவது வேறு. கச்சேரியில் தஸ்தாவேஜின் நகலைக் கொடுக்கிற குமாஸ்தா அசலைத் திருத்த யாரையும் விடுவதில்லை. அதுபோலவே, கோளாற்றைப் படித்துக்காட்டும் வழி ஒன்று, கட்டளையை மாற்றும் வழி வேறொன்று என்று நடுவே காவல்வாசல் வைத்துக் கட்டுவது நல்ல கட்டமைப்புக்கு அசாத்தியமல்ல. அதுவே நல்ல கட்டமைப்பின் லக்ஷணம். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணம் 2012-ல் நோயறியும் தகவலைத் திறக்கச் சட்டமியற்றியது. கம்பியில்லாமல் கம்பெனிக்குப் போகும் தகவலையும் 2020-ல் வோட்டெடுத்து அதில் சேர்த்தது.

இன்னொன்று. இன்று விற்ற வண்டியின் மென்பொருளை நாளை நடுநிசியில் கம்பெனி காற்றுவழியே மாற்றிவிடுகிறது. காலையில் சொந்தக்காரன் ஏறுவது வேறு வண்டி. சில கம்பெனிகள், வண்டியிலே ஏற்கெனவே இருக்கிற வசதியைத் தனிப்பணம் கட்டினால்தான் திறந்துவிடுகின்றன. பலவேளை இம்மாற்றங்கள் நன்மைக்கே. குறையைத் தேடிப்பிடித்து வீட்டு வாசலிலேயே நீக்கிவிடுவது சிறிய உபகாரமன்று. எனினும் 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தை எழுதியவர்கள், விற்றபின்னும் விற்றவன் கை பொருளுக்குள்ளே இருக்கும் என்று கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்து, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிடச் சர்க்கார் அதிகாரம் பெற்றது. குறை இன்னதென்று சொந்தக்காரன் அறியும் வழியே இல்லாவிடில், அந்தப் பிரிவைக்கொண்டு அவன் என்ன செய்வான்?

தமிழ்நாட்டுச் சர்க்கார் சும்மாயில்லை. 71 அரசாங்க ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய்ச் செலவில் புதுப்பிக்கும் திட்டம் வரவேற்கத்தக்கது. ரோபோவை இயக்கவும் நவீன யந்திரங்களில் வேலை செய்யவும் அங்கே பிள்ளைகள் பழகுகிறார்கள். ஆயின் நாம் கேட்பது அதற்கு ஒரு படி மேலே. ஓசூர், கிருஷ்ணகிரி ஐ.டி.ஐ.க்களிலும் பாலிடெக்னிக்கிலும் பயிலும் பையன், பெண் ஒவ்வொருவரும் கான் கம்பியில் ஓடும் செய்தியை வாசிக்கக் கற்கவேண்டும். ஒரு சிறு கணிப்பெட்டிக்குத் தானே கட்டளை எழுதி, அது தவறும்போது எப்படித் தவறுகிறது என்று பார்க்கவேண்டும். அதற்கு ஆகும் செலவு பெரிதன்று. சில ஆயிரம் ரூபாய்ச் சாமான்களில் ஒரு மேஜையை அமைத்துவிடலாம். கஷ்டம் வாத்தியாரில் இருக்கிறது. ஆலைகளிலுள்ள எஞ்ஜினியர்கள் வாரத்தில் ஒரு நாள் வந்து சொல்லிக்கொடுக்கும்படி கம்பெனிகளைக் கேட்பதில் தவறென்ன?

நிலமும் நீரும் சாலையும் மின்சாரமும் சலுகை விலையில் கொடுத்துப் புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதும்போது, இத்தனை பேருக்கு வேலை என்று ஒரு எண்ணைப் போட்டுக்கொள்கிறார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் தரத்தையும் போடவேண்டுமென்கிறோம். மென்பொருள் சோதனைக் கூடமும் பாட்டரிக் காவல் ஆராய்ச்சியும் இன்ன வருஷத்துக்குள் இந்த ஜில்லாவிலேயே ஏற்படும், அதில் இத்தனை பங்கு உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு என்ற ஷரத்து இனி வரும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இருக்கட்டும். மத்திய சர்க்கார் தன் பங்குக்கு, மின்வண்டிக்கும் பொதுவான நோயறியும் வாசலைக் கட்டாயமாக்கி, அதைப் படிக்கும் உரிமையைச் சொந்தக்காரனுக்கும் அவன் நம்பும் மெக்கானிக்குக்கும் கொடுக்கும் விதியைப் பிறப்பிக்கவேண்டும். உத்தனப்பள்ளி விவசாயியிடம் மறுபடியும் நில அளவைச் சங்கிலியோடு போவதற்குமுன், இவ்விரண்டையும் அச்சிட்ட காகிதமாக அவன் கையில் கொடுக்கும்படி சர்க்காரை வற்புறுத்துகிறோம்.